கண்ணாடித் தொட்டிக்குள் ஒரு கடல் வேட்டைக்காரன்

இரண்டாம் ஆண்டு, மின்னியல் மற்றும் மின்னணுவியல் துறை



மீன் தொட்டி என்றதும் நமக்கெல்லாம் ஞாபகம் வருவது தங்க மீன், கப்பி, மோலி, ஃபைட்டர் இவைதான். ஒரு பாட்டில், ஒரு பிடி தீனி, வாரம் ஒருமுறை தண்ணி மாத்தினா போச்சு என்று நினைக்கிறோம். நான் எழுதப்போவது அந்த மாதிரி சாதுவான மீனைப் பற்றி அல்ல. சிங்கத்தின் பிடரி போலச் செட்டைகளை விரித்துக்கொண்டு, சிவப்பும் வெள்ளையுமாகக் கோடு போட்ட சட்டையில் மெல்ல மிதந்து வரும் லயன் ஃபிஷ் பற்றி. தமிழில் சிங்க மீன் என்று சொல்லலாம். உப்புத் தண்ணீரில் வாழ்வது. உயிருள்ள மீனையும் இறாலையும் விழுங்குவது. முதுகில் விஷம் வைத்திருப்பது.

டிப்ளமோ படிக்கிற நமக்கு இது எதற்கு என்று கேட்கலாம். இரண்டு காரணம் சொல்கிறேன். முதலாவது, நம்மில் பலர் சாயங்காலம் பகுதி நேர வேலைக்குப் போய்த்தான் பஸ் பாஸுக்கும் பரீட்சைக் கட்டணத்துக்கும் சமாளிக்கிறோம். நான் வேலை பார்ப்பது வண்ண மீன் கடையில். கடைத் தொட்டிகளையும் வாடிக்கையாளர் வீட்டுத் தொட்டிகளையும் கழுவுகிற வேலை. இந்த வேலைக்கு வருகிற பையன்களிடம் "அந்த மீனைத் தொடாதே" என்று மட்டும் சொல்வார்கள். ஏன், எங்கே, தொட்டால் என்ன செய்வது என்று சொல்வதில்லை. கைதான் நமக்கு மூலதனம். அதனால் எழுதுகிறேன்.

இரண்டாவது காரணம், இந்த ஒரு தொட்டிக்குள் நம் பாலிடெக்னிக்கின் எல்லாத் துறையும் இருக்கிறது. சிவில், மெக்கானிக்கல், கெமிக்கல், எலக்ட்ரிக்கல் நண்பர்கள் எல்லோருக்கும் இதில் ஒரு கணக்கு உண்டு.

1. யார் இந்தச் சிங்க மீன்?

கடைகளில் அதிகம் பார்ப்பது டெரோயிஸ் என்னும் இனத்தைச் சேர்ந்த மீன்கள். இந்து மாக்கடலும் பசிபிக் கடலும் இவற்றின் சொந்த ஊர். நம் மன்னார் வளைகுடாவிலும் உண்டு. கடையில் விற்கும்போது மூன்று அங்குலக் குஞ்சாக, பொம்மை மாதிரி இருக்கும். நன்றாகச் சாப்பிட்டு வளர்ந்தால் ஓர் அடியைத் தொடும். பத்து ஆண்டுக்கு மேலும் உயிர் வாழும். நம் டிப்ளமோவே மூன்று வருஷம்தான்! வாங்குகிறவர் முதலில் யோசிக்க வேண்டியது இதைத்தான்.

பகலில் பாறை இடுக்கில் தலைகீழாகக்கூடத் தொங்கிக்கொண்டு சும்மா கிடக்கும். பொழுது சாயும்போதும் விடியும்போதும்தான் வேட்டை. துரத்திப் பிடிக்காது. இரண்டு பக்கச் செட்டைகளையும் விசிறி போல விரித்து, இரையை ஒரு மூலைக்கு ஒதுக்கிக்கொண்டு போகும். பக்கத்தில் போனதும் வாயைத் திடீரென்று திறக்கும். வாய்க்குள் அழுத்தம் குறைய, தண்ணீரோடு இரையும் உள்ளே போய்விடும். வேக்குவம் கிளீனர் மாதிரிதான். கண் சிமிட்டும் நேரத்தில் முடிந்துவிடும்.

இன்னொரு விசேஷம், இது அவ்வப்போது மேல் தோலின் மெல்லிய படலத்தை உரித்துப் போடும். புதிதாக வளர்ப்பவர்கள் நோய் வந்துவிட்டது என்று பயந்து மருந்தைக் கொட்டுவார்கள். அது நோய் அல்ல, இயல்பு.

2. விஷம் எங்கே இருக்கிறது?

பலர் நினைப்பது போல அகன்று விரியும் பக்கச் செட்டைகளில் விஷம் இல்லை. முதுகில் 13 முள், அடிவயிற்றுச் செட்டைகளில் பக்கத்துக்கு ஒன்றாக 2 முள், பின்பக்கம் வாலுக்கு முன்னால் கீழே 3 முள், ஆக மொத்தம் 18 முட்களில்தான் விஷம்.

ஒவ்வொரு முள்ளிலும் நீளவாட்டில் இரண்டு பள்ளக் கோடுகள் ஓடுகின்றன. அவற்றில் விஷச் சுரப்புத் திசு உட்கார்ந்திருக்கிறது. அதன்மேல் மெல்லிய தோல் உறை. முள் கையில் ஏறும்போது உறை பின்னுக்குத் தள்ளப்பட்டு, திசு நசுங்கி, விஷம் பள்ளம் வழியாகக் காயத்துக்குள் போகிறது. மீன் ஊசி போட்டு விஷத்தைச் செலுத்துவதில்லை. நாம் அழுத்துகிற அழுத்தம்தான் செலுத்துகிறது. ஆகவே செத்த மீனின் முள்ளும் குத்தும், அதிலும் விஷம் இருக்கும். "செத்துப் போச்சு, தூக்கிப் போடு" என்று வெறுங்கையால் எடுக்கவே கூடாது.

எங்கள் ஊர் இராமநாதபுரம் மாவட்டக் கடற்கரை. அப்பா கூலிக்குக் கடலுக்குப் போகிறவர். வலையில் இந்த மீன் சிக்கினால் கம்பால் தட்டித் திரும்பக் கடலில் விட்டுவிடுவார்கள். ஒருமுறை வலையைப் பிரிக்கும்போது அப்பா விரலில் முள் ஏறிவிட்டது. அன்று ராத்திரி பூரா அவர் பட்ட வேதனையைப் பார்த்திருக்கிறேன். கை மணிக்கட்டு வரை வீங்கிவிட்டது. ஆத்தாதான் சட்டியில் சுடுதண்ணி வைத்து, "கையை உள்ள வைய்யா, முள்ளு விஷத்துக்குச் சூடுதான் மருந்து" என்று வைக்கச் சொன்னது. வைத்த கொஞ்ச நேரத்தில் வலி குறைந்தது. ஆத்தாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. எங்கள் வீட்டில் பத்தாவதைத் தாண்டியது நான்தான்.

சென்னைக்கு வந்த பிறகு, இதே முள் குத்தின ஒரு பையனுக்குச் சுற்றி இருந்தவர்கள் ஐஸ் வைத்ததையும் பார்த்தேன். அவன் துடித்த துடிப்பு இன்னும் கண்ணில் நிற்கிறது. படித்தவர்கள் நிறைந்த இடம்தான் அது. ஆனால் ஆத்தா சொன்னதுதான் சரி. இந்த விஷத்தின் முக்கியப் பகுதி புரதம். புரதம் சூட்டில் உருக்குலையும். வெந்நீர் வைத்தியத்துக்கு அடிப்படை இதுதான் என்று மருத்துவ நூல்கள் சொல்கின்றன. லீவுக்கு ஊருக்குப் போனபோது ஆத்தாவிடம் இதைச் சொன்னேன். "இதுக்கா இம்புட்டுப் படிப்பு?" என்று சிரித்தது.

3. முள் குத்தினால் செய்ய வேண்டியவை

இந்தப் பகுதியைத் தனியாக நகல் எடுத்து, வேலை செய்கிற இடத்தில் ஒட்டி வைக்கலாம்.

அ) பதற்றப்படாமல் கையை வெளியே எடுத்து, பக்கத்தில் இருப்பவரைக் கூப்பிடுங்கள். தனியாக இருக்காதீர்கள். மோதிரம், வாட்ச் இருந்தால் வீக்கம் வருமுன் கழற்றிவிடுங்கள்.

ஆ) காயத்தைக் கழுவி, வெளியே தெரிகிற முள் துண்டு இருந்தால் இடுக்கியால் எடுங்கள். ஆழத்தில் இருப்பதைக் குடைய வேண்டாம்.

இ) சுமார் 45 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் 30 முதல் 90 நிமிடம் வரை கையை வையுங்கள். தெர்மாமீட்டர் இல்லையென்றால், குத்துப்படாத கையை முதலில் விட்டுப் பாருங்கள். அந்தக் கை தாங்குகிற சூடுதான் அளவு. குத்துப்பட்ட கை வலியில் மரத்திருக்கும். அதைக்கொண்டு சூடு பார்த்தால் வெந்து கொப்புளமாகிவிடும். தண்ணீர் ஆற ஆற, கையை வெளியே எடுத்துவிட்டுச் சூடு தண்ணீர் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஈ) ஐஸ் வேண்டாம். கயிற்றால் இறுக்கிக் கட்ட வேண்டாம். பிளேடால் கீற வேண்டாம். வாயால் உறிஞ்ச வேண்டாம்.

உ) வலி குறைந்தாலும் டாக்டரைப் பார்த்து டெட்டனஸ் ஊசி பற்றிக் கேளுங்கள். மூச்சுத் திணறல், மயக்கம், நெஞ்சு வலி, உடம்பெல்லாம் தடிப்பு இதில் எது வந்தாலும் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் 108க்குப் போன் செய்யுங்கள்.

இந்த மீன் குத்தி உயிர் போவது மிகவும் அரிது. ஆனால் மணிக்கணக்கில் வலிக்கும். சிலருக்கு வீக்கம் நாட்கணக்கில் நிற்கும்.

குத்தாமல் இருக்க வழி? தொட்டிக்குள் கையை விடுமுன் மீன் எங்கே இருக்கிறது என்று பார். கை உள்ளே இருக்கும் வரை கண்ணை மீனை விட்டு எடுக்காதே. பாசி சுரண்ட நீளக் கைப்பிடி சுரண்டியோ, வெளியிலிருந்து நகர்த்தும் காந்தமோ போதும். மீனை இடம் மாற்ற வலை போடாதே. முள் வலையில் மாட்டும். விடுவிக்கப் போகும்போதுதான் குத்தும். கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவைத் தண்ணீருக்குள் சாய்த்து, மீனை அதற்குள் மெதுவாக ஓட்டித் தண்ணீரோடு தூக்க வேண்டும். பாலிதீன் பையில் கொண்டுபோவதைவிட மூடி போட்ட வாளி நல்லது. முள் பையைக் கிழித்துவிடும்.

4. சிவில், மெக்கானிக்கல் நண்பர்களுக்கு

வளர்ந்த சிங்க மீனுக்கு நாலடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரமுள்ள தொட்டியாவது வேண்டும். கன அளவு 16 கன அடி. ஒரு கன அடிக்கு 28.3 லிட்டர் வீதம் சுமார் 450 லிட்டர். கடல் நீர் ஒரு லிட்டர் 1.025 கிலோ. ஆகத் தண்ணீர் மட்டும் 460 கிலோ. 12 மில்லிமீட்டர் கண்ணாடி ஏறக்குறைய 90 கிலோ, ஸ்டாண்டு ஒரு 40 கிலோ சேர்த்தால் 600 கிலோவை நெருங்குகிறது. இன்னும் கல்லும் மணலும் போடவில்லை!

இந்தப் பாரம் உட்காருகிற இடமோ வெறும் 8 சதுர அடி, அதாவது 0.74 சதுர மீட்டர். சதுர மீட்டருக்கு 800 கிலோ ஆகிறது. வீட்டு அறைகளின் தளத்துக்கு ஐ.எஸ். 875 சொல்லும் நேர்ப்பாரம் சதுர மீட்டருக்கு 2 கிலோ நியூட்டன், கிட்டத்தட்ட 200 கிலோ. நம் தொட்டி அதைப்போல நாலு மடங்கு. அந்த 200 கிலோ அறை முழுதும் பரவிய கணக்கு என்பதால் உடனே தளம் இடிந்துவிடும் என்று அர்த்தமில்லை. ஆனாலும் தரைத் தளமே நல்லது. மாடி என்றால் நடு ஹாலில் வைக்காமல் சுவரை ஒட்டி, பீம் ஓடுகிற பக்கமாக, பொறியாளரிடம் கேட்டு வைக்க வேண்டும். பழைய வாடகை வீட்டில் கேட்காமல் வைப்பது வீட்டுக்காரருக்கும் ஆபத்து, கீழ் வீட்டுக்காரருக்கும் ஆபத்து.

அடுத்து கண்ணாடி. முன்பக்கக் கண்ணாடியின் அடியில் அழுத்தம், அடர்த்தி × ஈர்ப்பு × உயரம். 1025 × 9.81 × 0.61 என்று போட்டால் சுமார் 6,130 பாஸ்கல். மேலே சுழி, கீழே 6,130, சராசரி 3,065. பரப்பு 0.744 சதுர மீட்டர். பெருக்கினால் சுமார் 2,280 நியூட்டன், அதாவது 230 கிலோ எடை அந்தக் கண்ணாடியை ராப்பகலாக வெளியே தள்ளுகிறது. தொட்டியின் நீளத்தை இரட்டித்தால் விசை இரண்டு மடங்கு. உயரத்தை இரட்டித்தால் நாலு மடங்கு. உயரமான தொட்டி பார்க்க அழகாக இருந்தாலும் செலவும் ஆபத்தும் ஏன் கூடுகிறது என்பது இப்போது புரியும். மீனுக்கும் உயரத்தைவிட அகலம்தான் உபயோகம், திரும்புவதற்கு இடம் வேண்டுமே.

5. கெமிக்கல் நண்பர்களுக்கு

கடல் நீரில் கிலோவுக்கு 35 கிராம் உப்பு. 450 லிட்டருக்குச் சுமார் 16 கிலோ. கடையில் விற்கும் சமையல் உப்பைக் கொட்டினால் ஆகாதா என்று ஒரு வாடிக்கையாளர் கேட்டார். ஆகாது. கடல் உப்பில் சோடியமும் குளோரைடும் சேர்ந்து ஏறக்குறைய 86 சதவீதம்தான். மீதி சல்பேட், மெக்னீசியம், கால்சியம், பொட்டாசியம், பைகார்பனேட் எல்லாம் இருக்கிறது. ஆகவே கடல் மீனுக்கென்று தயாரித்த உப்புக் கலவையை, ஆர்.ஓ. தண்ணீரில் கரைத்து, ஒரு நாள் பம்ப் ஓட்டிக் கலக்க வேண்டும். ஹைட்ரோமீட்டரில் ஒப்படர்த்தி 1.023 முதல் 1.026 வரை, பி.எச். 8.1 முதல் 8.4 வரை, வெப்பநிலை 24 முதல் 27 டிகிரி.

தண்ணீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. 450 லிட்டரில் 20 லிட்டர் குறைந்தால் 35 கிராம் உப்பு 36.6 ஆகிவிடும். அதனால் குறைந்த அளவுக்கு உப்பில்லாத நல்ல தண்ணீரைத்தான் ஊற்ற வேண்டும். கண்ணாடியில் மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போட்டு வைத்தால் போதும். தினமும் அந்தக் கோடு வரை நிரப்பலாம்.

இனி முக்கியமான சங்கதி, நைட்ரஜன் சுழற்சி. மீனின் கழிவிலிருந்து அம்மோனியா வருகிறது. அது நஞ்சு, பி.எச். கூடக் கூட அதன் நஞ்சும் கூடும். கடல் நீரில் பி.எச். எப்போதும் 8க்கு மேல் என்பதால் இங்கே சலுகையே கிடையாது. ஒரு வகை பாக்டீரியா அம்மோனியாவை நைட்ரைட் ஆக்குகிறது; இன்னொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட் ஆக்குகிறது. நைட்ரேட் அவ்வளவு கெடுதல் இல்லை. அதையும் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 10 முதல் 20 சதவீதம் தண்ணீர் மாற்றிக் குறைத்துவிடலாம்.

இந்தப் பாக்டீரியாக்கள் குடியேற 4 முதல் 6 வாரம் ஆகும். அதுவரை மீன் விடக்கூடாது. தொட்டியில் ஒரு இறால் துண்டைப் போட்டு அழுக விட்டால் அம்மோனியா வரும், பாக்டீரியா பெருகும். டெஸ்ட் கிட்டில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் சுழிக்கு வந்த பிறகுதான் மீன். "இன்னைக்கே தொட்டி, இன்னைக்கே மீன்" என்று கேட்கிற வாடிக்கையாளருக்கு இதைப் பொறுமையாகச் சொல்ல வேண்டும். சிங்க மீன் ஒரு வேளையில் ஒரு முழு மீனையே விழுங்குகிற ஜாதி. கழிவும் அந்த அளவுக்கு இருக்கும். பில்டரோடு புரோட்டீன் ஸ்கிம்மரும் கண்டிப்பாக வேண்டும். நுண்ணிய காற்றுக் குமிழ்களில் அழுக்கு ஒட்டி நுரையாக மேலே வந்து, மேல் கிண்ணத்தில் சேரும். அதைத் தவறாமல் கழுவ வேண்டும்.

அலங்காரத்துக்குப் பவளப் பாறை வேண்டும் என்று கேட்பவர்களும் உண்டு. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் கடின வகைப் பவளங்கள் 2001 முதல் இருக்கின்றன. எடுப்பதும் விற்பதும் குற்றம். 1986இல் அறிவிக்கப்பட்ட மன்னார் வளைகுடாக் கடல் தேசியப் பூங்காவின் 21 தீவுகளைச் சுற்றியும் எதையும் எடுக்கக்கூடாது. சுட்ட களிமண் துண்டு, பீங்கான் மீடியா போட்டாலே பாக்டீரியா சந்தோஷமாக வாழும். மீனுக்கு ஒளிந்துகொள்ள ஒரு குகை மாதிரி அடுக்கிவிட்டால் அதுவே பங்களா.

6. எலக்ட்ரிக்கல் நண்பர்களுக்கு

நம் துறைக்கு வருவோம். கடல் நீர் நல்ல குடிநீரைவிடச் சுமார் நூறு மடங்கு நன்றாக மின்சாரம் கடத்தும். அதற்குள் பம்ப், மேலே விளக்கு, பக்கத்தில் ஈரக் கையோடு நாம்! பல வீடுகளில் ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியில் எல்லாவற்றையும் செருகி, அதைத் தொட்டிக்கு அடியில் தரையில் போட்டிருப்பார்கள். பார்த்தாலே நெஞ்சு பதறும்.

"எம்.சி.பி. இருக்கே, ட்ரிப் ஆகிவிடாதா?" என்பார்கள். கணக்குப் பாருங்கள். 6 ஆம்பியர் எம்.சி.பி. 6 ஆம்பியரைத் தாண்டினால்தான் விழும். மனித உடம்பில் 0.1 ஆம்பியர் போனாலே இதயத் துடிப்பு குலையலாம். 30 மில்லி ஆம்பியர் கசிவில் விழுகிற ஆர்.சி.சி.பி. போட்டால், 6 ஆம்பியரில் 200இல் ஒரு பங்கு கசிந்தாலே சப்ளை நின்றுவிடும். எம்.சி.பி. காப்பாற்றுவது வயரை; ஆர்.சி.சி.பி. காப்பாற்றுவது ஆளை. தொட்டி வேலைக்குப் போகிற நண்பர்களே, அது இல்லாத வீட்டில் எல்லா பிளக்கையும் பிடுங்காமல் தண்ணீரில் கை வைக்காதீர்கள்.

இன்னும் இரண்டு. பிளக் பாயிண்ட்டை உயரத்தில் வைத்து, வயர் அதற்குக் கீழே ஒரு முறை வளைந்து தொங்கி மேலே ஏறும்படி விடுங்கள். வயரில் வழிகிற தண்ணீர் அந்த வளைவில் சொட்டிவிடும், பிளக்குக்குள் போகாது. எர்த்திங் சரியாக இருக்கிறதா என்பதை வெறும் மூன்று துளை இருப்பதைப் பார்த்து நம்பாமல் சோதித்துப் பாருங்கள்.

மின் செலவு? பம்ப் 40 வாட், ஸ்கிம்மர் 20 வாட், இரண்டும் 24 மணி நேரம், 1.44 யூனிட். விளக்கு 40 வாட், 8 மணி நேரம், 0.32 யூனிட். சில்லர் 250 வாட், சென்னை வெயிலில் 10 மணி நேரம் ஓடினால் 2.5 யூனிட். நாளுக்கு 4.26, இரண்டு மாதத்துக்குச் சுமார் 255 யூனிட். இதை அப்பாவிடம் போனில் சொன்னபோது, "கடல்ல சும்மா கெடக்குறதுக்குக் கரண்ட் பில்லு கட்டுறாங்களாடா?" என்றார். நியாயமான கேள்விதான்.

கரண்ட் போனால் மீனுக்கு ஆக்ஸிஜன் குறையும், பில்டர் பாக்டீரியாவும் சாகத் தொடங்கும். 12 வோல்ட், 150 ஆம்பியர் மணி பேட்டரியில் 1,800 வாட் மணி. பாதியைத்தான் பயன்படுத்துவோம் என்றால் 900. 40 வாட் பம்ப் இன்வெர்ட்டர் நஷ்டத்தோடு 50 வாட் என்று வைத்தால் 18 மணி நேரம் ஓடும். அது முடியாதவர்கள் பேட்டரியில் ஓடும் சின்னக் காற்று பம்ப்பாவது வைத்திருக்க வேண்டும்.

7. தீனியும் துணையும்

புதிதாக வந்த சிங்க மீன் அசைகிற இரையைத்தான் பார்க்கும். முதலில் உயிருள்ள சின்ன இறால் கொடுத்து, பிறகு நீளமான பிளாஸ்டிக் குச்சியின் நுனியில் இறால் துண்டைக் குத்தி முன்னால் ஆட்டிக் காட்டிப் பழக்க வேண்டும். சில வாரத்தில் குச்சியைக் கண்டாலே ஓடி வரும். கையால் ஊட்டிப் படம் எடுக்கிற விளையாட்டு வேண்டவே வேண்டாம்.

தங்க மீனை வாங்கித் தினமும் தீனியாகப் போடுவதும் தவறு. அதில் தயமினேஸ் என்ற நொதி உண்டு. பி1 வைட்டமினைச் சிதைத்துவிடும். நெத்திலியிலும் அது உண்டு. ஆகவே ஒன்றையே கொடுக்காமல் இறால், கணவாய், வெள்ளைச் சதை மீன் என்று மாற்றி மாற்றிக் கொடுக்க வேண்டும். வளர்ந்த மீனுக்கு வாரத்துக்கு இரண்டு மூன்று வேளை போதும். எப்போதும் பசித்த மாதிரியே பார்க்கும், ஏமாந்துவிடக்கூடாது. அதிகம் தின்றால் ஈரலில் கொழுப்பு ஏறிச் செத்துப்போகும்.

கூட விடுகிற மீன் அதன் வாயைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். கோமாளி மீன், சின்ன டாம்செல், இறால் இவையெல்லாம் விட்டால் மறுநாள் காணாது. கிளாத்தி வகை மீன்கள் சிங்க மீனின் செட்டையைக் கடித்துக் குதறும். ஓரா வகை போன்ற பெரிய, சாதுவான மீன்கள் ஒத்துப்போகும்.

8. தொட்டி உடைந்தால் கடலுக்கு என்ன?

இதுவரை வீட்டுக் கணக்கு. இனி உலகக் கணக்கு. அமெரிக்காவின் ஃபுளோரிடா கடலில் சிங்க மீன் இயற்கையாகக் கிடையாது. 1985இல் அங்கே முதன்முதலாக ஒன்று அகப்பட்டது. 1992இல் ஆண்ட்ரூ புயலில் ஒரு தொட்டி உடைந்து ஆறு மீன் தப்பியதால்தான் பரவியது என்று ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஆனால் புயலுக்கு ஏழு வருஷம் முன்பே மீன் இருந்ததே! வீட்டில் வளர்த்தவர்கள் கடலில் விட்டதுதான் காரணம் என்பதே இன்றைய பொதுவான முடிவு.

பிறகு நடந்ததைக் கேளுங்கள். 2000இல் வட கரோலினா, 2004இல் பஹாமாஸ், அதன்பின் கரீபியன் கடல், மெக்சிகோ வளைகுடா என்று பரவியது. 2014இல் பிரேசில் கரையிலும் கண்டார்கள். ஒரு பெண் மீன் வருஷத்துக்கு 20 லட்சம் முட்டை போடும். அங்கிருந்த சின்ன மீன்களுக்கு இந்த வேட்டைக்காரனை அடையாளமே தெரியாது. தப்பி ஓடவும் தெரியவில்லை. பஹாமாஸில் சிறு பாறைத் திட்டுகளில் ஆல்பின்ஸ், ஹிக்சன் என்ற இரு விஞ்ஞானிகள் ஆய்வு செய்து 2008இல் வெளியிட்டார்கள். ஒரே ஒரு சிங்க மீன் இருந்த திட்டில், ஐந்து வாரத்தில் புதிதாகச் சேரும் மீன் குஞ்சுகள் 79 சதவீதம் குறைந்திருந்தன. 2014இல் ஃபுளோரிடா அரசு உயிருள்ள சிங்க மீன் இறக்குமதியையே தடை செய்தது. முள்ளை நீக்கிச் சமைத்தால் சாப்பிடலாம் என்பதால், பிடித்துத் தின்று ஒழிக்கும் போட்டிகளும் நடத்துகிறார்கள்.

நம் கடலில் இது ஏற்கெனவே இருக்கிற மீன்தானே, திருப்பி விட்டால் என்ன என்று தோன்றலாம். கடையில் வாங்கிய மீன் எந்தக் கடலில் பிடித்தது, நம் வகைதானா, கூட இருந்த மீன்களிடமிருந்து என்ன நோய் ஒட்டியிருக்கிறது என்பது வாங்கியவருக்குத் தெரியாது. ஆகவே கடலிலோ, கூவத்திலோ, ஏரியிலோ விடக்கூடாது. வளர்க்க முடியாவிட்டால் கடைக்கே திருப்பிக் கொடுப்பதுதான் வழி.

இன்னொன்றும் யோசிக்க வேண்டும். கோமாளி மீனைப் பண்ணையில் குஞ்சு பொரிக்க வைத்து விற்கிறார்கள். சிங்க மீனோ பெரும்பாலும் கடலில் பிடித்தே வருகிறது. ஒன்று கடையில் செத்தால் இன்னொன்று கடலிலிருந்துதான் வர வேண்டும்.

9. முடிவாக

அப்படியென்றால் வளர்க்கவே கூடாதா? நான் அப்படிச் சொல்லவில்லை. நான் கழுவப் போகிற ஒரு வீட்டில், ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் நோட்டுப் போட்டு வெப்பநிலை, ஒப்படர்த்தி, தீனி எல்லாம் தேதிவாரியாக எழுதி வைத்து வளர்க்கிறார். அந்த மீன் செட்டையை விரித்து வரும்போது நான்கூட வேலையை மறந்து நிற்பதுண்டு. ஆசைப்படுகிறவர் கீழ்க்கண்ட ஐந்து கேள்விக்கும் ஆம் என்று பதில் சொல்ல முடிந்தால் வாங்கட்டும்.

450 லிட்டர் தொட்டிக்கு இடமும், அதைத் தாங்கும் தளமும் இருக்கிறதா? மீன் இல்லாமல் ஆறு வாரம் வெறும் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருக்கப் பொறுமை இருக்கிறதா? பத்து வருஷத்துக்குக் கரண்ட் பில் கட்ட முடியுமா? வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் தொட்டிக்குப் பூட்டுப் போட்ட மூடி உண்டா? ஆர்.சி.சி.பி. உண்டா?

இடம் குறைவு என்றால் டென்ட்ரோகைரஸ் என்ற குட்டைச் சிங்க மீன் வகை இருக்கிறது. ஏழெட்டு அங்குலத்துக்குள் நின்றுவிடும். பாதித் தொட்டி போதும். முள்ளும் விஷமும் அதற்கும் உண்டு, மறந்துவிடக் கூடாது.

இந்த வேலைக்கு வருகிற ஜூனியர் தம்பிகளுக்கு ஒரு வார்த்தை. முதல் நாளே கடைக்காரரிடம் மூன்று விஷயம் கேளுங்கள். எந்தத் தொட்டியில் முள்ளுள்ள மீன் இருக்கிறது? மெயின் ஸ்விட்ச் எங்கே? வெந்நீர் வைக்க கெட்டில் எங்கே? இதைக் கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கேட்டதற்காக வேலை கொடுக்க மாட்டேன் என்றால், அந்த வேலை நமக்கு வேண்டாம்.